பாவித்த வாகனம் வாங்குமுன் கேளுங்கள், பாருங்கள், பிறகு பேரம் பேசுங்கள்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது, புறக்கோட்டையில் பாடசாலைப் பைகள் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாநா, ஒரு வேன் பார்த்து வெச்சி ஈக்கிறேன். நல்ல விலைக்கு வருது. நாளைக்குள்ள அட்வான்ஸ் கட்டச் சொல்றாங்க. ஒருக்கா வந்து பாருங்களே" என்றார்.

"நாளைக்குள்ள" என்ற சொல்லைக் கேட்டதும், வேனைப் பார்க்குமுன்பே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது. அவசரப்படுத்தி விற்கப்படும் சாமானில் ஏதோ ஒன்று இருக்கும் என்பது வியாபாரிகளான நமக்குத் தெரியாததல்ல. நாமும் கடையில் கழிவு சாமானைத் தள்ளும்போது "இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை" என்று சொல்பவர்கள்தானே.

கடையில் ஐந்நூறு ரூபாச் சாமானைக் கூட நாலு தடவை திருப்பிப் பார்த்து வாங்கும் நாம், பல இலட்சம் கொடுத்து வாங்கும் வாகனத்தை அரை மணித்தியாலத்தில் முடிவு செய்கிறோம். வெளியே பளபளப்பு, உள்ளே நல்ல வாசனை, புரோக்கரின் நாக்கு. இவ்வளவும் போதும் என்றாகிவிடுகிறது. ஆகவே, பாவித்த வாகனம் ஒன்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்று இந்த வாரம் எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. முப்பது வருடத்தில் ஏழெட்டு வாகனம் வாங்கி விற்றவன். வாங்கும்போது ஏமாந்தும் இருக்கிறேன். விற்கும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருவரை ஏமாற்றியும் இருக்கிறேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் இப்போது கூடுதல் கவனம்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் பாவனை வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் நாட்டில் இருந்த வாகனங்களே கை மாறிக் கை மாறி ஓடின. வாங்கிய விலையை விடக் கூட்டி விற்ற காலம் அது. உதிரிப்பாக விலை ஏறியதால் மாற்ற வேண்டியதை மாற்றாமல், ஒட்டிப் பூசி ஓட்டிய வாகனங்கள் ஏராளம். அவையெல்லாம் இன்னும் சந்தையில்தான் இருக்கின்றன.

அதற்கு மேல், 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலின் வெள்ளம். களனி கங்கைக் கரையோரம் வாழும் எங்களுக்கு வெள்ளம் புதிதல்ல. 2016 மே மாத வெள்ளத்திலும் கொலன்னாவை, வெல்லம்பிட்டி பகுதிகள் மூழ்கின. ஒவ்வொரு வெள்ளம் வடிந்த பிறகும் தண்ணீரில் நின்ற வாகனங்கள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரும். அநேகமாக அவை வெள்ளம் வந்த ஊரில் விற்கப்படுவதில்லை, வெள்ளம் வராத ஊருக்குப் போகும். ஆகவே "எங்க ஊர்ல வெள்ளம் வரல்லியே" என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

முதலில் ஆளைப் பாருங்கள்

வாகனத்தைப் பார்க்குமுன் விற்பவரைப் பாருங்கள். எத்தனை வருடம் வைத்திருந்தார், எதற்குப் பாவித்தார், எங்கே சேர்விஸ் செய்தார், ஏன் விற்கிறார் என்று கேளுங்கள். ஐந்து வருடம் ஓட்டியவருக்குத் தன் வாகனத்தின் குறை நிச்சயம் தெரியும். "ஒரு குறையும் இல்ல" என்பவரை விட, "ஏசி கொஞ்சம் பலவீனம், பின் டயர் இரண்டும் மாத்தணும்" என்பவரிடம் வாங்குவது நல்லது.

வாங்கி இரண்டு மாதத்தில் விற்கிறார் என்றால் காரணம் கேட்காமல் விடாதீர்கள். முடிந்தால் வாகனத்தை அவருடைய வீட்டிலேயே போய்ப் பாருங்கள். வீதியோரத்தில், பெற்றோல் ஷெட்டில், யாரோ ஒருவருடைய கராஜில் வைத்துக் காட்டுகிறார்கள் என்றால் ஏன் என்று யோசியுங்கள். கார் சேலில் வாங்கினாலும் முந்திய உரிமையாளரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பத்திரங்களில் பிழை இருந்தால் வாகனத்தைப் பார்க்கவே வேண்டாம்

பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கேளுங்கள். அதில் உள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். செசி இலக்கம் அடிக்கப்பட்ட இடத்தைச் சுற்றி வெல்டிங் அடையாளமோ, புதுப் பெயின்ட்டோ, உரசிய தடமோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

சான்றிதழில் பதிவு உரிமையாளர் என்று ஒருவரும், முழு உரிமையாளர் என்று ஒரு லீசிங் கம்பனியோ வங்கியோ இருந்தால் அந்த வாகனத்துக்குக் கடன் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். "அடுத்த மாசம் முடிஞ்சிடும்" என்ற பேச்சு வேண்டாம். பாக்கித் தொகையை அந்த நிறுவனத்திடமே எழுத்தில் பெற்று, நிறுவனத்திலேயே போய்க் கட்டி, விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். விற்பவரிடம் கொடுத்து அவரைக் கட்டச் சொல்லாதீர்கள்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் "ஓப்பன் பேப்பர்". முதல் உரிமையாளர் பெயர் மாற்றும் படிவத்தில் கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் கொடுத்து விடுவார். அந்தப் படிவத்தோடு வாகனம் மூன்று, நான்கு பேரிடம் கை மாறும். ஒருவரும் தம் பெயருக்கு மாற்ற மாட்டார்கள். கட்டணம் மிச்சம் என்று நினைக்கிறோம். ஆனால் முதல் உரிமையாளர் மௌத்தாகிவிட்டால், வெளிநாடு போய்விட்டால், கையொப்பம் என்னுடையதல்ல என்றால் உங்கள் கையில் இருப்பது இரும்புதான், சொத்தல்ல. விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. வாகனம் விபத்திலோ குற்றத்திலோ சிக்கினால் பொலிஸ் முதலில் தேடி வருவது பதிவேட்டில் பெயர் உள்ளவரைத்தான்.

விற்பவர் எம்.டி.ஏ. 6 படிவத்தையும், வாங்குபவர் எம்.டி.ஏ. 8 படிவத்தையும் பூர்த்தி செய்து, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி ஆகியவை நடப்பில் உள்ளனவா என்றும் பாருங்கள். புகைப் பரிசோதனை எடுக்காமல் நீண்ட நாள் கிடக்கும் வாகனம், அதில் தேறாத காரணத்தால் கிடக்கலாம்.

மஃரிபுக்குப் பிறகு வாகனம் பார்க்காதீர்கள்

கடை மூடிய பிறகுதான் நமக்கு நேரம். அதனால் இரவில், கடை வெளிச்சத்தில் வாகனம் பார்க்கிறோம். இது பெரிய பிழை. இரவு வெளிச்சத்தில் எல்லாப் பெயின்ட்டும் ஒரே நிறம்தான். மழையில் நனைந்த வாகனத்தையும் பார்க்க வேண்டாம். ஈரம் பெயின்ட் குறைகளை மறைத்துவிடும். பகலில், வெயிலில் நிறுத்தி, முன் மூலையில் நின்று பக்கவாட்டில் நீளமாகப் பாருங்கள். கதவுக்குக் கதவு நிறம் மாறுகிறதா, மேற்பரப்பில் அலை தெரிகிறதா என்று கவனியுங்கள்.

பொனட்டுக்கும் மட்கார்டுக்கும் இடையிலான இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சிறிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டு போங்கள். தகட்டில் ஒட்டும் காந்தம், தடிப்பாகப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதில் பரீட்சிக்க வேண்டாம். பொனட்டைத் திறந்து, பிணைச்சல் நட்டுகளின் பெயின்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்திருந்தால் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டம் நெளிந்து நிமிர்த்தப்பட்டிருந்தால், அது முன்னால் பலமாக மோதிய வாகனம். கதவு ரப்பரை இழுத்துப் பார்த்தால் கம்பனி வெல்டிங் புள்ளிகள் ஒரே சீரான தூரத்தில் இருக்கும். டிங்கர் வேலை செய்த இடத்தில் அந்தச் சீர் இருக்காது.

சின்ன உரசலுக்குப் பெயின்ட் அடித்திருப்பது குற்றமல்ல. கொழும்பு வீதியில் உரசாத வாகனம் ஏது? சட்டம் வளைந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி.

தண்ணீரில் நின்ற வாகனம்

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். வெள்ள வாகனம் அன்றைக்கு நன்றாக ஓடும். நோய் உள்ளே இருந்து மெல்ல மெல்ல வரும். வயர் இணைப்புகளுக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர், செம்பை மாதக் கணக்கில் தின்று கொண்டிருக்கும். ஒரு நாள் பிரேக் லைட் எரியாது. இன்னொரு நாள் ஸ்டார்ட் வராது. பாஸ் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருப்பார், குறை தீராது.

கண்ணாடிகளை மூடி, கதவைச் சாத்தி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து மணந்து பாருங்கள். பூஞ்சண வாடை வருகிறதா? அல்லது தாங்க முடியாத அளவுக்கு வாசனைத் திரவியம் அடித்திருக்கிறார்களா? இரண்டும் ஒன்றுதான். பழைய வாகனத்தில் புத்தம்புதுக் கார்ப்பட் போட்டிருந்தால் காரணம் கேளுங்கள். ஆசனத்தின் கீழ் உள்ள தண்டவாளத்தில், ஆசன நட்டுகளில், டேஷ்போர்ட்டின் அடியில் உள்ள ஸ்குரூத் தலைகளில் துரு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். மழை அந்த இடங்களுக்குப் போகாது, வெள்ளம் போகும்.

ஆசனப் பட்டியைக் கடைசி வரை வெளியே இழுங்கள். ஆசனத்தைக் கழுவுகிறவர்கள் பட்டியின் உள்சுருளைக் கழுவ மறந்துவிடுவார்கள். அங்கே சேற்றுக் கோடு தெரிந்தால், தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்பது கூட விளங்கும். டிக்கியில் ஸ்பெயார் டயர் இருக்கும் குழியைப் பாருங்கள். முன் விளக்குக்குள் நீர்த்தடம் உண்டா என்று பாருங்கள். பியூஸ் பெட்டியைத் திறந்து பச்சை பூத்த முனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நேராகக் கேளுங்கள். "இந்த வாகனம் தண்ணியில நின்டதா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்க." "ஏதும் பிழை ஈக்குதா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கேட்காத கேள்விக்குப் பதில் வராது.

எஞ்சினைக் குளிரில் பாருங்கள்

காலையில், சுபஹ் தொழுதுவிட்டு முதல் வேலையாகப் போங்கள். "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனதும் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே எழுப்பிவிட்டிருக்கிறார்கள். பல குறைகள் குளிர்ந்த எஞ்சினில்தான் தெரியும்.

ஸ்டார்ட் பண்ணுமுன் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் ஒயில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிராக இருக்கும்போது மட்டும் திறங்கள். உள்ளே செம்மண் நிறத் தண்ணீர் என்றால் கூலன்ட் போடாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, நீங்கள் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை, டீசல் வாகனத்தில் இன்ஜெக்டர், பம்ப் செலவு இருக்கலாம். குளிர்காலையில் கொஞ்ச நேரம் வெள்ளை ஆவி வருவது இயல்பு. எஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்தால் ஹெட் கேஸ்கட் பக்கம் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பலமாகக் குபுகுபுவென்று தள்ளக் கூடாது. தள்ளினால் எஞ்சின் தேய்ந்துவிட்டது.

டைமிங் பெல்ட் உள்ள பழைய டீசல் வேன்களில் அது எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுவார்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் எஞ்சினே போய்விடலாம். பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கெடுங்கள்.

ஓட்டிப் பாருங்கள், ஒரு சுற்று அல்ல

பத்துப் பதினைந்து கிலோமீற்றராவது ஓட்டிப் பாருங்கள். ரேடியோவை நிறுத்துங்கள். ஏசியைப் போட்டுக்கொண்டே ஓட்டுங்கள். ஒரு மேட்டில் ஏற்றுங்கள். நெரிசலில் நின்று நின்று ஓட்டும்போது வெப்பமானி முள் ஏறுகிறதா என்று பாருங்கள். நேரான வெற்றுப் பாதையில் ஸ்டியரிங்கை இலேசாகப் பிடித்தால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போதும் அப்படித்தான்.

ஒட்டோமெட்டிக் என்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டு முன்னும் பின்னும் கியர் மாற்றிப் பாருங்கள். கியர் விழத் தாமதித்தாலும், "டக்" என்று தூக்கிப் போட்டாலும் கியர் பெட்டிச் செலவு காத்திருக்கிறது. மெனுவல் என்றால் மேட்டில் கிளட்ச் வழுக்குகிறதா என்று பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். உதாரணமாக 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த டயர். பட்டை தேயாமல் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான். நான்கில் ஒன்று மட்டும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் சட்டமோ சில்லுச் சீரமைப்போ சரியில்லை.

மீற்றரும் ஏலத் தாளும்

மீற்றரை நம்பாதீர்கள், மிதிபலகையை நம்புங்கள். டிஜிட்டல் மீற்றரைக் கணினியால் குறைத்துவிட முடியும். ஆனால் பிரேக் மிதிபலகையின் ரப்பர், ஸ்டியரிங்கின் மேற்தோல், ஓட்டுநர் ஆசனத்தின் ஓரம் ஆகியவற்றின் தேய்மானத்தைக் குறைக்க முடியாது. நாற்பதாயிரம் ஓடியது என்று மீற்றர் சொல்கிறது, மிதிபலகை வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது என்றால் மீற்றர் பொய். கதவு ஓரத்திலும் பொனட்டின் அடியிலும் பழைய சேர்விஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் எழுதிய கிலோமீற்றரையும் பாருங்கள்.

ஜப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் வாகனமாக இருந்தால் ஏலத் தாளைக் கேளுங்கள். அங்கே ஏலத்துக்கு விடுமுன் பரிசோதித்துத் தரம் போடுவார்கள். 4, 4.5 என்றால் நல்ல நிலை, 3.5 என்றால் சுமார், 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' என்று இருந்தால் விபத்தில் பட்டுத் திருத்தியது. படத்தில் 'ஏ' என்றால் கீறல், 'யூ' என்றால் ஒடுக்கு, 'டபிள்யூ' என்றால் டிங்கர் வேலை செய்த இடம், 'டபுள் எக்ஸ்' என்றால் அந்தப் பகுதியே மாற்றப்பட்டது. தாளை மாற்றி அச்சடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. எனவே செசி இலக்கத்தைக் கொடுத்து, விற்பவரல்லாத வேறொருவர் மூலம் சரிபார்த்துக் கொள்ளுங்கள். அதே செசி இலக்கத்தைக் கொண்டு, எயார்பேக் மாற்றுவதற்காகத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்த வாகனங்களில் இதுவும் ஒன்றா, மாற்றியாகிவிட்டதா என்றும் முகவரிடம் கேளுங்கள். இது பணப் பிரச்சினையல்ல, உயிர்ப் பிரச்சினை.

ஹைபிரிட் வாங்குபவர்களுக்கு

எரிபொருள் மிச்சம் என்று நம்மவர்கள் ஹைபிரிட் கார் தேடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் மிச்சம் பிடித்ததை எல்லாம் ஒரே நாளில் பெட்டரி எடுத்துவிடலாம். பெரிய பெட்டரி பெரும்பாலும் பின் ஆசனத்தின் பக்கமே இருக்கும். அதைக் குளிர வைக்கும் காற்று வாய் ஆசனத்தின் ஓரத்தில் இருக்கும். அதில் தூசி அடைத்துக் கிடந்தால் பெட்டரி சூட்டில் வெந்திருக்கும். ஸ்கேன் வசதி உள்ள கராஜுக்குக் கொண்டு போய், பெட்டரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்ட் அளவும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டிச் சூடாக்கிய பிறகு ஸ்கேன் பண்ணுங்கள். குறிகளை அன்று காலையிலேயே அழித்துவிட்டுக் கொண்டு வருபவர்கள் உண்டு. வெள்ளத்தில் நின்ற ஹைபிரிட் என்று தெரிந்தால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சல்லி கொடுக்குமுன்

உங்களுக்குத் தெரிந்த பாஸைக் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் சொல்லும் பாஸ் வேண்டாம். பாஸுக்குப் போக்குவரத்துச் செலவோடு கூலியும் கொடுங்கள். இனாமாக வருபவர் இனாமாகத்தான் பார்ப்பார். லீசிங்குக்காக எடுக்கும் மதிப்பீட்டு அறிக்கையை வாகனத்தின் சுகச் சான்றிதழ் என்று நினைக்காதீர்கள். அது கடன் கொடுப்பதற்கான விலைக் கணக்கு. எஞ்சினைப் பற்றி அது பேசாது. வட்டியில்லா முறையில் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான்.

கையில் உள்ள முழுத் தொகைக்கும் வாகனம் வாங்காதீர்கள். பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். ஒயில், பெல்ட், டயர், பிரேக் என்று முதல் மூன்று மாதத்தில் செலவு வந்தே தீரும். வியாபாரத்துக்கான வேன், லொறி என்றால் அதே வகை வாகனத்தின் உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையில் இலகுவாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். வாகனம் கராஜில் நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் சாமான் கடையில் நிற்கும் நாள்.

அட்வான்ஸ் கொடுத்தால் எழுத்தில் வாங்குங்கள். வாகன இலக்கம், செசி இலக்கம், முழு விலை, மீதி கட்டும் திகதி, "விபத்தில் படவில்லை, வெள்ளத்தில் நிற்கவில்லை" என்ற வாசகம் எல்லாம் அதில் இருக்கட்டும். கையொப்பமிடத் தயங்கினால் உங்களுக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது.

என் கதை

2016 மே வெள்ளத்தில் வெல்லம்பிட்டியில் எங்கள் ஒழுங்கைக்குள் தண்ணீர் வந்தபோது வீட்டுச் சாமானை மேல்தட்டுக்கு ஏற்றவே நேரம் போதவில்லை. என் டீசல் வேன் இரண்டு நாள் ஆசன மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்ததால் ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஒயில்களை மாற்றி, ஆசனத்தைக் கழற்றிக் காய வைத்து, புதுக் கார்ப்பட் போட்டேன். ஓடியது. நான்கு மாதம் கழித்து விற்றேன்.

வாங்கியவர் பேருவளைப் பக்கத்து இளைஞர். வாரச் சந்தைகளில் பிளாஸ்டிக் சாமான் விற்பவர். "நாநா, வேன்ல ஏதும் பிழை ஈக்குதா?" என்று கேட்டார். "நீங்களே பாருங்க, ஓட்டிப் பாருங்க" என்றேன். நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டிசம்பரில் கடைக்கு வந்தார். சண்டை பிடிக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. இரவில் சந்தையிலிருந்து திரும்பும்போது வயரிங் எரிந்து நடுவீதியில் நின்றிருக்கிறார். பல சந்தைகள் தவறிவிட்டன. "நாநா, வேன் தண்ணியில நின்டதா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அன்டைக்குச் சொல்லியிருந்தா விலையைக் குறைச்சி எடுத்து, வயரிங்க முதல்லயே மாத்தியிருப்பேன் நாநா" என்றார். அவ்வளவுதான்.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட நபிகளார் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவத்தைச் சிறுவயதில் ஓதிப் படித்தவன் நான். என் வேனின் ஈரத்தைப் புதுக் கார்ப்பட்டுக்குக் கீழே மூடி வைத்திருந்தேன். வயரிங் செலவு முழுவதையும் கொடுத்தேன். வேனைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தேன். அவர் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு வேனை வைத்துக்கொண்டார். தவறிய சந்தைகளின் வருமானத்தை அவர் கேட்கவில்லை. நான் கொடுக்கவும் இல்லை. அது இன்றும் என் மனதில் கிடக்கிறது.

அன்றிலிருந்து வாகனம் விற்கும்போது குறைகளை ஒரு தாளில் எழுதி, வாங்குபவரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குகிறேன். விலை கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. அதனால் நான் ஏழையாகிவிடவில்லை.

பை வியாபாரத் தம்பியின் வேனைச் சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தோம். வெளியே குறை சொல்ல ஒன்றுமில்லை. நடு ஆசனத்தின் பட்டியைக் கடைசி வரை இழுத்தேன். ஒரு சாண் நீளத்துக்குக் காய்ந்த சேறு. தம்பியைப் பார்த்தேன். அவர் நான் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டார்: "தண்ணியில நின்டதா?" விற்பவர் உடனே பதில் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. கடைசியில், "அடித்தட்டு வரைக்கும்தான் வந்திச்சு" என்றார். ஆசனப் பட்டியில் சேறு இருந்தது என்றால் அடித்தட்டோடு நின்ற தண்ணீர் அல்ல அது.

தம்பி வேனை எடுக்கவில்லை. அவருக்கு அட்வான்ஸ் மிச்சம். ஆனால் அந்த வேன் இன்னும் சந்தையில்தான் இருக்கும், ஆசனப் பட்டியை இழுத்துப் பார்க்கத் தெரியாத யாரோ ஒருவருக்காக. அந்த ஒருவர் இந்தப் பக்கத்தை வாசிப்பவராக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவர்கள் கேட்குமுன் சொல்லிவிடுங்கள்.